அம்மா கவிழ்த்த குண்டான்

பம்பு ஸ்டவ் பற்றிக்கொள்ளும்போது எழும் 'புஸ்ஸ்' சத்தமும், கூடவே மூக்கில் ஏறும் மண்ணெண்ணெய் வாடையும்தான் மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடான எங்கள் 'லைன்' வீட்டில் எனக்குப் பொழுது விடிந்ததற்கு அடையாளம். சுரங்கத்துச் 'சங்கு' ஊதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் பத்தாவது பாஸான வருஷம், ஒரு காலையில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், களி கிண்டும் 'குண்டான்' ஸ்டவ்வின் மேல் குப்புறக் கிடந்தது. அம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஸ்ட்ரைக்கு."

இன்று நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். 'ஸ்ட்ரைக்' என்ற வினைச்சொல்லின் பூர்வீகம் வேடிக்கையானது. பழைய ஆங்கிலத்தில் அது முதலில் மெல்லத் தடவுவதைக் குறித்ததாம். தடவல் எப்படியோ அடியாக மாறி, கடிகாரம் மணி அடிப்பது, தீக்குச்சி உரசுவது, தங்கம் தட்டுப்படுவது எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன. கப்பலின் பாயை இறக்குவதற்கும் அதே சொல்தான். லண்டனில் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள் பாய்களை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ள, வேலைநிறுத்தத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது என்கிறார்கள். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் அடுப்படியில் நான் கற்ற பொருள் ஒன்று உண்டு, அதை எந்த அகராதிக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பங்காரப்பேட்டைக்கு ரயிலேறிப் போய் பி.யூ.சி. படிக்கிறேன் என்று நான் கேட்டதற்கு, நாங்கள் 'நைனா' என்று கூப்பிடும் என் அப்பா, "பொட்டப்புள்ள ரயில்ல போய்ப் படிச்சு இன்னா ஆவப் போவுது? ஊட்லயே கெடக்கட்டும்" என்று முந்தின நாள் மாலை ஒரேயடியாக முடித்துவிட்டார். நைனா சாதாரண ஆளில்லை. 'கேஜ்' என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர், சங்கத்தில் முன்வரிசை. வேலைநிறுத்தம் என்றால் சுரங்கத்து கேட்டில் நின்று, "வயித்துல ஈரத்துணியக் கட்டிகினு கெடப்போம், கருங்காலியா மட்டும் ஆவமாட்டோம்" என்று அவர் போடும் சத்தம் அடுத்த லைன் வரைக்கும் கேட்கும். ஊரே நிற்கும்போது திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறவன்தான் 'கருங்காலி'. எங்கள் லைனில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

"இன்னா தோழரே, கோரிக்கை இன்னா?" என்று கவிழ்ந்த குண்டானைப் பார்த்துவிட்டு நைனா கிண்டலாகக் கேட்டார்.

"கோரிக்கை ஒண்ணுதான். எம் பொண்ணு காலேஜிக்குப் போவணும். அதுவரைக்கும் உங்களுக்கு இந்த ஊட்ல சோறு கெடையாது."

சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டியவர், நேரே ஓட்டலுக்குப் போய்ப் பூரி சொல்லி உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் குழாயடி வழியாகச் செய்தி லைன் முழுக்கப் பரவிவிட்டது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த சங்கத்து ஆள் ஒருவர், "அண்ணே, ஊட்ல ஸ்ட்ரைக்காமே. நீங்க இங்க வந்து துன்னா அதுக்குப் பேரு இன்னாண்ணே?" என்று கேட்டாராம். நைனா பூரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வெறும் வயிற்றோடு ஷிஃப்டுக்குப் போனார். அவருடைய கூட்டாளிகள் வருஷக்கணக்காக இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மதியம் பக்கத்து வீட்டு மேரி அக்கா களியும் குழம்பும் கொண்டுவந்து எனக்கும் அம்மாவுக்கும் வைத்தாள். வேலைநிறுத்த நாட்களில் சங்கம் 'கஞ்சித்தொட்டி' திறந்து தொழிலாளி குடும்பங்களுக்கு ஊற்றுமே, அந்த வழக்கம்தான். சாயங்காலமும் கொண்டுவந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்து பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்த நைனாவிடம், "கஞ்சித்தொட்டி தொழிலாளிக்குத்தான்ணா, மேனேஜ்மெண்டுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அம்மா மனமிரங்கிவிட்டால் என் படிப்பு போச்சு. நைனா சுரங்கத்துக்குள் மயங்கி விழுந்தால் பழி என் தலையில். அம்மாவும் களியை அளைந்துகொண்டிருந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை.

மறுநாள் மாலை நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "பேச்சுவார்த்தைக்கு வரியா?" என்றார்.

"பேசறதுக்கு இன்னா கீது? போவணும்னா போவணும்."

நைனா கூரையைப் பார்த்துச் சொன்னார்: "சரி, போவட்டும்."

அம்மாவுக்கு அது போதவில்லை. மேரி அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தி, "இப்ப சொல்லுங்க, இவ முன்னாடி" என்றாள். சாட்சி இல்லாத ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை என்று லைனுக்கே சொல்லிக்கொடுத்தவர் நைனாதான். இன்னொரு தரம் சொன்னார். அப்புறம்தான் குண்டான் நிமிர்ந்தது, ஸ்டவ் 'புஸ்ஸ்' என்றது.

சங்கு ஊதி எத்தனையோ வருஷமாகிறது. சுரங்கம் மூடியாயிற்று, கேட்டில் கொடிக்கம்பம் இல்லை, லைன் வீடுகளில் பாதி இடிந்து கிடக்கின்றன, நைனாவும் போய்விட்டார். என் மாணவர்களுக்கு ஸ்ட்ரைக் என்றால் கிரிக்கெட்டின் ஸ்ட்ரைக் ரேட்தான். கல்லூரிக்குப் போகும் காலை ரயிலில் யாராவது, "ஸ்ட்ரைக் பண்ணிப் பண்ணித்தானே உங்க ஆளுங்க மைன்ஸை மூடவெச்சாங்க" என்று ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. பெங்களூர் வந்து சேரும்வரை அந்த ஆளை விடமாட்டேன்.

போன வாரம் அம்மாவுக்கு மாலுமிகளின் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவுங்க பாயை எறக்குனாங்க, நானு குண்டானக் கவுத்தேன், இதுல இன்னாடி அதிசயம் கீது? கேட்டது கெடச்சுதா இல்லியா, அதச் சொல்லு" என்றாள்.

மாலுமிகளுக்குக் கிடைத்ததா, எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்தது.