கை நனைக்காமல் பார்த்த கியர்பாக்ஸ்

என் கணவர் சீரியல் பார்க்க ஆரம்பித்த அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அவர் முழங்கால் ஜவ்வு கிழிந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. கல்யாணப் பந்தியில் யாரோ கொட்டிவைத்த ரசத்தில் வழுக்கி விழுந்தார், ஆபரேஷன் செய்தார்கள், ஊன்றுகோலோடு நடக்கிறார். அது சரி. ஆனால் இத்தனை வருஷமாக டிவி ஓடுகிற அறைக்குள் சாப்பாட்டுத் தட்டோடுகூட வராத மனுஷன், சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நேத்து என்னாச்சு? அந்த மருமக ஊட்டுக்கு வந்துட்டாளா?" என்று கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது?

காரணம் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. போத்தனூரில் எங்களுக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை. எரிந்துபோன தண்ணி மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் சுற்றிக் கொடுப்போம். அவர் கழற்றி மாட்டுவார், நான் சுற்றுவேன். பட்டறையை ஒட்டிய ஷெட்டில் ஒரு கார். ஒரு காலத்தில் ஊரெல்லாம் டாக்சியாக ஓடிய உருண்டை மூக்குக் கார்தான். அதன் கூரையை இறக்கி, பின்சக்கரங்களை அகலமாக்கி, ஜீப்பிலிருந்து எடுத்த பெரிய டீசல் என்ஜினை உள்ளே வைத்து, அது வெளியே தெரியவேண்டும் என்று பானெட்டையே கழற்றிப் போட்டு, அதற்கு ஹாட் ராட் என்று பெயரும் சொன்னார். எங்கள் சொந்தக்காரர்கள் அதை மூடி இல்லாத குக்கர் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு அவிநாசி வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். அவருடைய வாரம் முழுக்க அந்த டீயை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வண்டியின் கிளட்சை மிதிப்பது, படுத்த எருமையைக் காலால் எழுப்புகிற வேலை. டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இடது காலால் கிளட்ச் மிதிப்பதை இனி மறந்துவிட வேண்டும். இதைக் கேள்விப்பட்டு ஊட்டி ரோட்டில் ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். காரைப் புல்வெளியில் நிறுத்தி, என்ஜின் இருக்கிற இடத்தில் பூந்தொட்டி வைத்து, வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ள விடப் போகிறாராம். பூந்தொட்டி! பழைய ஆளாக இருந்தால் அவரைக் கேட் வரைக்கும் துரத்தியிருப்பார். இவர், "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார். அன்றைக்குச் சாயங்காலம்தான் சீரியலுக்கு வந்து உட்கார்ந்தார்.

என்னிடம் ஒரு சின்ன கார் இருக்கிறது. ஆட்டோமேட்டிக். வாங்கின நாளிலிருந்து அதை அவர் கேலி செய்யாத நாள் இல்லை. "இதுல ஓட்டறதுக்கு என்ன இருக்குது? கேரம்போர்டுல காயைத் தள்ளற மாதிரி தள்ளிவிட வேண்டியதுதான்" என்பார். முழங்கால் போன பிறகு அதையாவது ஓட்டலாமே என்றால் சாவியைத் தொடமாட்டார். ஒருநாள் விளம்பர இடைவேளையில் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, உங்க வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வெச்சா என்னங்க?"

"அதுக்குப் பேசாம வித்துப்போடலாம்" என்றார், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மறுநாள் காலை தோசையைப் பிய்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "நம்ம என்ஜினே வந்த பெரிய வண்டி ஒண்ணு ஆட்டோமேட்டிக்குலயும் வந்துச்சு. அந்த பாக்ஸ் கெடைச்சா போல்ட்டுக்குப் போல்ட்டு உக்காரும்." ராத்திரி பூரா தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. இன்னொரு தோசை வைத்தேன்.

புதுசு எங்கள் கைக்கு எட்டாது. பழையதுதான் தேடவேண்டும். அதிலும் கியர்பாக்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் பிரயோஜனம் இல்லை. என்ஜினுக்கும் அதற்கும் நடுவில் உட்காரும் கன்வர்ட்டர், கையால் தள்ளும் லீவர், எப்போது எந்த கியர் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர் பெட்டி, அதன் ஒயர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தொடங்கினோம். அவர் என் காரின் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே போய் வீடியோ காலில் காட்டுவேன். அங்கே போனபிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கோயமுத்தூரில் உடைபட்ட ஆட்டோமேட்டிக் வண்டிகள் எல்லாமே டாக்டர்கள் ஓட்டியவை. "டாக்டர் ஊட்டு வண்டிங்க, ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும்தானுங்க போச்சு." இதையே கடைக்குக் கடை கேட்டேன். ஒரு கடையில் கியர்பாக்ஸுக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து, பொண்ணு பார்க்க உட்காரவைத்ததுபோல ஸ்டூல்மேல் வைத்திருந்தார்கள். எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி மோந்து பார்த்தேன். எரிந்த மோட்டாரைத் திறக்கும் முன்னாலேயே என் மூக்கு சொல்லிவிடும். அது எரிந்த வாடை. அந்த டாக்டர் மலை ஏறி வைத்தியம் பார்த்தவராக இருக்கவேண்டும்.

ஆனால் போனுக்குள் இருந்தவருக்கு எல்லாமே பிடித்துப் போயிற்று. "பாடி சுத்தமா இருக்குது பாரு, எடுத்தரலாமா?" என்றார் ஒவ்வொன்றுக்கும். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. கடைசியில் ரிசார்ட்காரர் மறுபடியும் போன் செய்தார், புல்வெளி தயாராம். "வெள்ளகோவில்ல அடிபட்ட வண்டி ஒண்ணு இருக்குதாம். அதுவும் சரிப்படலைன்னா அவருக்கே குடுத்தரலாம்" என்றார் என் கணவர் என்னிடம். அதைச் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதனால் அவரைத் திட்டினேன்.

வெள்ளகோவிலுக்கு நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் ஒரே பாடம் நடத்தினேன். "வண்டியைப் பாக்காம கை நனைக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்." சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் பேச்சு முடியாமல் இலையில் உட்காரமாட்டோம் அல்லவா? கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பொண்ணுக்கு ஒரு குறை சொல்ல நாக்கு எழாது. கியர்பாக்ஸுக்கும் அதுதான் நியாயம் என்றேன். "எனக்குத் தெரியாதா?" என்றார் பின்சீட்டிலிருந்து.

தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. வாசலிலேயே கோழிக் குழம்பு வாசம் வந்தது. அறுபது தாண்டிய பெரியவரும் அவர் மனைவியும் கேட் வரைக்கும் வந்து கூப்பிட்டார்கள்.

"வாங்க வாங்க. மொதல்ல சாப்புடுங்க. ஒறம்பரை வர்றாங்கன்னு கோழி அடிச்சிருக்குதுங்க."

"வண்டியை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தரலாமுங்ண்ணா" என்றேன்.

"வண்டி எங்கீங்க போகப் போகுது?" என்றார் பெரியவர். அது நியாயம்தான். மூக்கு நசுங்கிப்போய் வண்டி தொழுவத்தில் நின்றது. பிரேக் பிடிக்காமல் தோட்டத்துத் தண்ணித் தொட்டியில் மோதிவிட்டதாம். சேஸ் வளைந்துவிட்டதால் பட்டறையில் கைவிரித்துவிட்டார்களாம். என்ஜின் மட்டும் நன்றாக ஓடுகிறதாம். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் கணவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இலைமுன் உட்கார்ந்திருந்தார். அரிசிம்பருப்புச் சோறு, கோழிக் குழம்பு, பச்சைப்புளி ரசம். என்னைப் பார்க்காமலே பிசைந்தார். மணிக்கட்டு வரைக்கும் கை நனைந்தது.

"நீங்களும் உக்காருங்க அம்மணி" என்றார் அந்த அம்மாள்.

"எனக்கு இன்னைக்கு விரதமுங்கக்கா."

"புதன்கெழமையா? எந்தச் சாமிக்குங்க?"

மாட்டிக்கொண்டேன். புதன்கிழமையில் விரதம் கேட்கிற சாமி ஒன்றும் அவசரத்துக்கு ஞாபகம் வரவில்லை. "அவரு முழங்காலுக்கு வேண்டுதலுங்க" என்றேன். அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பாலும் வாழைப்பழமும் கொண்டுவந்தார். பச்சைத் தண்ணிகூடக் கூடாதுங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிஷமே தாகம் எடுத்தது. வெள்ளகோவில் வெயிலில் அப்படி ஒரு பொய்யை யாராவது சொல்வார்களா? என் கணவர் இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டார்.

ஒருவழியாகத் தொழுவத்துக்குப் போனோம். சாவியைத் திருப்பும் முன்னாலேயே இவர், "அருமையா இருக்குதுங்க" என்றார். பெரியவர் இன்னும் பெருமையாக, "கியர்பாக்ஸ்ல கையே வெச்சதில்லீங்க. கம்பெனி ஊத்துன எண்ணெய் அப்புடியே கெடக்குது" என்றார். எண்ணெய் மாற்றாததைப் பத்தினி விரதம் போலச் சொன்னார்.

நான் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். சூடாகும்வரை விட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு, முன்னால் போகிற கியரில் போட்டேன். வெண்ணெய் மாதிரி விழுந்தது. கொஞ்ச தூரம் தோப்புக்குள் ஓட்டினேன். ஒரு குறை இல்லை. நிறுத்தி ரிவர்ஸில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு இழுத்து விட்டேன். அப்புறம் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்ததுபோல வண்டி குலுங்கியது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே யோசனை, அதே உதை.

"பெரிய வண்டிங்க. நெதானமாத்தான் எடுக்கும்" என்றார் பெரியவர்.

"ஆமாங்க. நெதானம் நல்லதுதானுங்க" என்றார் என் கணவர். சிக்னலில் பச்சை விழும் முன்னாலேயே ஹாரன் அடிக்கிற மனுஷன்! வயிற்றுக்குள் போன கோழிதான் பேசியது. கை நனைத்தவர் வேறு என்ன சொல்வார்? அந்த இடத்தில் வாயைத் திறக்கிற உரிமை பட்டினி கிடந்த எனக்கு மட்டும்தான் இருந்தது.

"தப்பா நெனைச்சுக்காதீங்ண்ணா. ரிவர்ஸ் எடுக்க மாட்டேங்குதுங்க" என்றேன்.

பெரியவர் பதில் சொல்லும் முன்னால் பின்னாலிருந்து குரல் வந்தது. "அதைத்தானுங்க நானும் அன்னைக்கே சொன்னேன்!" அவர் மனைவி. "ரிவர்ஸ் போட்டாருங்க, அது நகராம நின்னுச்சு. கியர் உழுகலையாட்டன்னு லீவரைப் புடிச்சு இழுத்தாருங்க, அது முன்னால போற கியர்ல உழுந்துருச்சு, ஆக்சிலேட்டரையும் அமுக்கிப் போட்டாருங்க. அது முன்னால பாய்ஞ்சு நேரா தொட்டி. ஊருக்கெல்லாம் பிரேக் புடிக்கலைன்னு சொல்லிட்டுத் திரியறாரு."

"நீ சித்த சும்மா இரு" என்றார் பெரியவர். முகம் காதுவரைக்கும் சிவந்துவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தொழுவத்து மாடு மட்டும் எங்கள் எல்லாரையும் பார்த்தபடி அசைபோட்டது.

நான் இறங்கி எண்ணெய்க் குச்சியை உருவினேன். சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் முறுக்குச் சுட்ட எண்ணெய் மாதிரிக் கறுத்திருந்தது. அளவும் குறைச்சல். ஆனால் மோந்து பார்த்தால் எரிந்த வாடை இல்லை. இன்னொரு தடவை மோந்தேன். விரலில் தேய்த்தேன். இரும்புத் தூள் தட்டுப்படவில்லை. கிழடு தட்டிய எண்ணெய், அவ்வளவுதான். உக்கடத்தில் பெயிண்ட் அடித்து உட்கார்ந்திருந்ததைவிட இது நூறு மடங்கு யோக்கியம்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கழட்டிட்டுப் போய் எண்ணெய் மாத்திப் பாருங்க அம்மணி. சரிப்படலைன்னா கொண்டாந்து போட்டுருங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். தொட்டி விசயத்தை மட்டும் வெளிய சொல்லிராதீங்க."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் நசுங்கிய வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால், தலையாட்டிவிட்டு வந்து காரில் ஏறியிருப்பார். வீட்டுக்குப் போய்ப் பூந்தொட்டிக்காரருக்குப் போன் செய்திருப்பார். அது எனக்குத் தாங்காது.

"அக்கா, இலை போடுங்க" என்றேன்.

"விரதமுங்க?"

"முடிஞ்சுதுங்க."

அங்கிருந்த எல்லாருக்கும் அர்த்தம் புரிந்தது. பெரியவர் தானே ஓடிப்போய்த் தண்ணிச் சொம்பு எடுத்துவந்தார். நான் கை நனைத்தேன். கோழி ஆறிப்போயிருந்தது, ஆனாலும் அத்தனை ருசி. என் கணவர் துணைக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் ஒரு இலை சாப்பிட்டார்.

எங்கள் மெக்கானிக் வெள்ளகோவிலுக்குப் போய் பாக்ஸையும் அதோடு சேர்ந்ததையும் கழற்றிக்கொண்டு வந்து, சுத்தம் செய்து, வடிகட்டி மாற்றி, புது எண்ணெய் ஊற்றி இவர் காரில் மாட்டிக் கொடுத்தார். உதைப்பது நின்றுவிட்டது. ரிவர்ஸ் இன்னும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்கிறது. அதைக் குறை என்று நான் சொன்னால் இவருக்குக் கோபம் வருகிறது. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு எடுக்கிறதாம். முதல் நாள் அவிநாசிக்கு நானும் கூடப் போனேன். இல்லாத கிளட்சைத் தேடி இடது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. பாதி வழி தாண்டியதும் அந்தக் காலை மடித்துச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார். டீக்கடையில் நாலு பேர் சுற்றி நின்று என்ஜினைப் பார்த்தார்கள். இது ஆட்டோமேட்டிக் என்று அவர்களிடம் அத்தனை பெருமையாகச் சொன்னார். கேரம்போர்டு பேச்செல்லாம் எங்கே போயிற்றோ.

மறுநாள் ரிசார்ட்காரர் போன் செய்தார். சமையலறையில் இருந்த நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். "பூந்தொட்டி வெக்கறதுக்கு வேற வண்டி பாருங்க!" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தினார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று இருந்தது எனக்கு.

சாயங்காலம் டிவி முன்னால் நான் மட்டும்தான். நேற்று என்னாச்சு என்று கேட்க ஆள் இல்லை. இத்தனை நாள் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியவர் இல்லாதது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. அன்றைக்குப் பார்த்துத்தானா அந்த மருமகளும் ஒருவழியாக வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவேண்டும்? டிவியை அணைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, அந்த மருமக ஊட்டுக்கு வந்துட்டாளுங்க" என்றேன்.

"எந்த மருமக?" என்றார்.