கரையில் நின்ற கருவை

1. கை காட்டி நிறுத்தினார்

மண் தோண்டும் வண்டியின் பக்கெட்டை மரத்தடியில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தேன். வேர் விடவில்லை. அப்போது மேட்டிலிருந்து ஒரு பிக்கப் ட்ரக் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. வண்டி சரியாக நிற்கும் முன்பே கிழவர் இறங்கிவிட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். எந்த நாட்டு ஆப்பரேட்டருக்கும் அது புரியும். எஞ்சினை அணைத்தேன்.

அவர் மிஸ்டர் டேல். அந்த ரான்ச், அதாவது மாட்டுப் பண்ணை, அவருடையது. அதை வாங்க இருந்தவர் டாக்டர் வசந்தி. ஊர் பரமக்குடி, இப்போது டெக்சாஸில் ரிச்சர்ட்சன். என்னை வேலைக்குக் கூட்டிவந்தது அந்த டாக்டரம்மாதான்.

டாக்டரம்மா ஓடிவந்தார். கிழவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார். கத்தியிருந்தால் தேவலை.

எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். "என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டேன்.

"நிலம் கிடையாதுங்கிறாருண்ணே."

2. எதற்குப் போனோம், என்ன செய்தோம்

நான் முதுகுளத்தூர்ப் பக்கம். ஆறாவதோடு நின்றவன். மனைவி நர்ஸ். அவள் டெக்சாஸுக்கு வேலைக்கு வந்தாள், பின்னாலேயே நானும் வந்தேன். ஊரில் ஓட்டியது பொக்லைன். இங்கே அதே வண்டிக்கு எக்ஸ்கவேட்டர் என்று பெயர். வாரம் முழுக்கக் கம்பெனி வேலை. சனிக்கிழமை வாடகை வண்டி எடுத்துத் தனி வேலை.

டாக்டரம்மா ஆற்றங்கரை நிலம் தேடியது வீடு கட்ட அல்ல. "வைகையை அள்ளி அள்ளியே கொன்னுட்டாங்கண்ணே. இங்க ஒரு துண்டு ஆத்தையாச்சும் அப்படியே விட்டு வைக்கணும்" என்பார். கிழவருக்கும் அதே எண்ணம். ரிசார்ட் கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அம்மாவுக்குத் தர ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை. கரையைத் தொடமாட்டேன், கட்டடம் எழுப்பமாட்டேன் என்று, நிலத்தைப் பாதுகாக்கிற ஒரு டிரஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிற்பாடு யார் வாங்கினாலும் அது அவர்களையும் கட்டும். ஈஸ்மென்ட் என்பார்கள். அம்மா அதற்குச் சந்தோஷமாகச் சம்மதித்திருந்தார்.

பத்திரம் முடிவதற்கு முன்னால், டிரஸ்ட் ஆட்கள் இறங்கிப் பார்க்க ஒரு பாதை மட்டும் போட்டுக்கொள்ளக் கிழவர் அனுமதி கொடுத்தார். அதற்குத்தான் நான் போனேன். மத்தியானத்துக்குள் பாதை முடிந்தது. கரைக்கு இறங்கினோம்.

கரை நெடுக மெஸ்கீட் மரம். நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. அதே முள், அதே நெத்து.

"அண்ணே, இங்கயுமா இது?" என்றார் அம்மா.

"சனியன், கடல் தாண்டி வந்துருச்சும்மா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கருவை என்றால் யோசனையே கிடையாது. கண்மாயில் தண்ணீர் நிற்காவிட்டால் கருவையைத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் கூடி வேரோடு பிடுங்குவார்கள். பிடுங்கினால் புண்ணியம். மேட்டில் கிழவரே மெஸ்கீட்டை அழித்துப் புல் விட்டிருந்தார்.

"வயசானவரு, இங்க இறங்க முடியாம விட்டிருப்பாரு. எடுத்துருங்கண்ணே. களை எடுக்குறது கரையைத் தொடுறதாகுமா? பாத்தா சந்தோஷப்படுவாரு" என்றார் அம்மா.

எனக்கும் சரியென்று பட்டது. கரை விளிம்போடு ஒரு வரிசை மரத்தைச் சாய்த்தேன். கிழவர் வந்தது அப்புறம்தான்.

3. தண்ணீர் வருது

அம்மா ஊர்க் கதையைச் சொல்லிப் பார்த்தார். கண்மாய், கருவை, எல்லாம். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கேட்டார். பிறகு ஏதோ சொன்னார். அம்மாவின் முகம் சுருங்கியது.

"மரம் இங்கயே பொறந்ததாம்ணே. வந்தவங்க நாமதானாம். மேட்டுல புல்லுக்குப் பகை. கரையில அதோட வேருதான் மண்ணைப் பிடிச்சிருக்காம்."

நான் திரும்பிப் பார்த்தேன். மரம் நின்ற இடமெல்லாம் குழி. குழிக்குக் கீழே மண் உதிர்ந்து ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது.

கிழவர் போனை நீட்டினார். ஆற்றின் மேல்பக்கம் நல்ல மழை. இருட்டுவதற்குள் ஆறு ஏறும். கரை இப்படிக் கிடந்தால் பின்னால் இருக்கிற பெக்கன் கொட்டை மரங்களையும் சேர்த்துக்கொண்டு போகும்.

அம்மாவின் கணவர் ரவி சார் சாஃப்ட்வேரில் இருக்கிறார். அதுவரை மேட்டில் காருக்குள் இருந்தவர் இறங்கி வந்தார். "வசந்தி, கிளம்பு. டீல் போச்சு. இனிமே எதைத் தொட்டாலும் லயபிலிட்டி, பழி நம்ம தலையில. லாயர் பேசிக்கட்டும்."

"ஒடச்சுட்டுக் கார்ல ஏறச் சொல்றீங்களா?"

"நிலமே நம்மளது இல்லேங்கிறாரு. நீ யாருக்கு வேலை பாக்கப்போற?"

"கரைக்கு."

ரவி சார் என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன்.

அம்மா கிழவரிடம், நிலம் தர வேண்டாம், என்ன செய்தால் கரை நிற்கும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார். கிழவர் சாய்ந்து கிடந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ட்ரக்குக்குப் போய் வேலி போடும் இரும்புப் போஸ்டும் கம்பிச் சுருளும் எடுத்துவந்தார்.

வேலை இதுதான். பிடுங்கிய மரங்களையே குழி மேல் படுக்கப் போடணும். அடிமரம் தண்ணீர் வருகிற பக்கம், கிளை தண்ணீர் போகிற பக்கம். ஒன்றின் அடி மேல் அடுத்ததன் தலை. பிறகு கம்பியால் இறுக்கி மேட்டில் அடித்த போஸ்டோடு கட்டணும். தண்ணீர் கிளையில் சிக்கி வேகம் குறையும். மண் தங்கும்.

அதற்கு வண்டியை விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். கீழே வெறும் மண். சரிந்தால் வண்டியோடு நானும் ஆற்றில்.

கிழவர் முன்னால் வந்து நின்று கையைத் தூக்கினார். சிக்னல் கொடுக்கிற ஆள் நின்றுவிட்டால், வண்டியில் இருப்பவன் அந்தக் கையை மட்டும்தான் பார்க்கணும். ஆற்றையோ அம்மாவையோ பார்க்கக்கூடாது. கொஞ்ச நேரம் முந்தி என்னை விரட்டிய கைதான் அது. அதை நம்பித்தான் லீவரைத் தள்ளினேன்.

மரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அம்மா கம்பி இழுத்தார். கையுறை இல்லை, முள் கிழித்துவிட்டது. "முள்ளு குத்தலையாம்மா?" என்றேன். "நம்ம ஊரு முள்ளுதானேண்ணே" என்றார். ரவி சார் முணுமுணுத்துக்கொண்டே போஸ்ட் அடித்தார்.

கடைசி மரத்தைத் தூக்கும்போது மழை பிடித்தது. மரம் பக்கெட்டில் தொங்குகிறது. வண்டியின் இடது பக்கம் இறங்குகிற மாதிரி இருந்தது. இறங்கியேவிட்டது. கேபின் சாய்ந்தது. அம்மா கத்துவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கிழவரின் முஷ்டி மூடியது. நில். நின்றேன். அவர் ஒரு விரலை மெதுவாகக் கீழே காட்டினார். மரத்தை இறக்கினேன், பாரம் விட்டது. பிறகு உள்ளங்கையை என் பக்கம் காட்டித் தள்ளினார். பின்னால். ஜாண் ஜாணாக எடுத்தேன். கெட்டி மண் ஏறியதும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.

நான் நின்ற இடத்தில் கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டி மண் பொத்தென்று ஆற்றில் விழுந்தது.

4. வேலி

ஆறு ஏறியது. கீழ்க்கோடியில் கட்டிய சில மரங்களை இழுத்துக்கொண்டு போனது. மற்றவை தாங்கின. பெக்கன் மரங்கள் நின்றன.

தண்ணீர் வடிந்த பிறகு கிழவர் கூப்பிட்டு அனுப்பினார். மேட்டு நிலத்தை விற்கிறேன் என்றார். கரையை விற்கமாட்டேன், டிரஸ்ட்டுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார்.

"ஆறு இல்லாம என்ன ரான்ச்?" என்றார் ரவி சார்.

அம்மா கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். ஊரில் கற்ற வேலை கைக்கு உதவும். கண்ணுக்கு உதவாது. தெரிந்த மரம் மாதிரி இருந்தாலும், இந்த மண்ணில் அது என்ன செய்கிறது என்று அங்கே இருக்கிறவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பக்கெட்டை இறக்குங்கள்.

அம்மாவின் நிலத்துக்கும் கரைக்கும் நடுவில் வேலி போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டே போனோம். நான் போட்ட பாதை வேலியில் முட்டுகிற இடம் வந்தது. டிரஸ்ட் ஆட்கள் இனி வேறு வழியாக இறங்குவார்கள்.

"இங்க ஒரு கேட் வச்சிரவாம்மா?" என்றேன்.

அம்மா அந்தப் பக்கம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்ணே. அது அப்படியே இருக்கட்டும். கம்பியை இழுங்க."