க்ரீமை யார் ருசி பார்ப்பது

என் அக்கா பேக்கரியில் கேக்குகளின் மேல் க்ரீமால் பூ வைப்பவள். கலக்கிய க்ரீமை ருசி பார்ப்பதும் அவள்தான். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தால், கிண்ணம் காலியாகும்வரை கை நிற்காது; வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது என்று டாக்டர் எச்சரித்ததும், பிடித்த வேலையை விட வேண்டியிருக்குமோ என்று பயந்துபோனாள். அங்கே கூட வேலை பார்க்கும், ரொட்டி சுடும் அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“இதுக்கா மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு இருந்தே? எனக்கு ஒரு வாய்க்கு மேல திகட்டிரும். உனக்கு நிறுத்த முடியல. ஆளுக்கு ஆள் உடம்பு வேறம்மா. ருசியை நான் பாக்குறேன், நீ பூவை வை.”

“முதலாளி?”

“யார் நக்கினாங்கன்னா கேக்கப்போறார்?”

அக்கா சிரித்துவிட்டாள். இப்போது விரல் வாய்க்குப் போகாதபடி முகக்கவசம் மாட்டிக்கொண்டுதான் பூ வைக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், “பசிக்குதுடி, சோத்தைப் போடு” என்கிறாள். அதைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!