பாராட்டுச் சுற்று

மயிலாள் கணியூர்க்காரி. கல்யாணமாகித் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் தையல் மிஷினில் உட்காரப் பல வருஷம் ஆயிற்று. அந்த மிஷின்தான் அவளுக்கு ஊரில் மரியாதை.

2006 வாக்கில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டுக்கொண்டதால் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் கலந்துரையாடல் என்று ஆரம்பித்தார்கள். பேக்கிங் செக்‌ஷனில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, டீயும் வடையும் கொடுத்து, தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். மனதில் உள்ளதைப் பேசலாம், வெளியே போகாது என்றாள் நடத்த வந்த ஆபீஸ் பெண் கவிப்பிரியா. மயிலாள் நம்பினாள். தையல் கோணினால் சூப்பர்வைசர் வெள்ளியங்கிரி துணியை முகத்தில் வீசுகிறார் என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். வெள்ளியங்கிரி பிசிறு வெட்டும் கத்திரியை நீட்டினார்.

"பேசற வாய்க்கு மிஷின் எதுக்குங்க அக்கா? கத்திரி போதும்."

லைன் முழுக்கச் சிரித்தது. பயந்து சிரித்தவர்களும் உண்டு. அவளுக்கு எல்லாம் ஒரே சிரிப்புதான்.

அதற்கப்புறம் அவள் ஒரு கூட்டமும் தவறவிடவில்லை. மற்றவர்கள் வடைக்கு வந்தார்கள். அவள் கவனிக்க வந்தாள். குறை சொன்னால் அது வெள்ளியங்கிரியின் மேசைக்குப் போனது. பாராட்டினால் கைதட்டினார்கள். யாரிடம் என்ன கற்றோம் என்று ஒவ்வொருவரும் சொல்லும் கடைசிச் சுற்றில் யாரும் யாரையும் இடைமறிப்பதில்லை. அவள் வெட்டிக்கொண்டே காத்திருந்தாள். கத்திரி பிடித்த விரல் காய்த்துப்போனது.

ஆடிக்குப் பிறகு கம்பெனியைச் சோதிக்கப் பையரின் ஆள் வந்தார். பெங்களூர்க்காரர், தமிழ் தெரிந்தவர். வட்டத்தில் அவரும் உட்கார்ந்தார். மயிலாளின் முறை வந்தது.

"எங்க சூப்பர்வைசர்கிட்ட பொறுப்பக் கத்துக்கிட்டனுங்க. ஒரு பீஸ் களவு போயிடக் கூடாதுன்னு பின்வாசக் கதவப் பூட்டி, சாவிய எந்நேரமும் இடுப்புலயே வெச்சிருப்பாருங்க. நீங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தானுங்க தொறப்பாரு."

வழக்கம்போல எல்லோரும் கைதட்டினார்கள். பெங்களூர்க்காரர் தட்டவில்லை. தீப்பிடித்தால் வெளியேற, முன்வாசலை விட்டால் இருந்தது அந்த ஒரு கதவுதான். அவர் எதுவும் கேட்குமுன்பே வெள்ளியங்கிரியின் கை இடுப்புக்குப் போய்விட்டது.

பையர் ஆர்டரை நிறுத்திவைத்தான். முதலாளிக்கு ஒரு தலை வேண்டியிருந்தது; வெள்ளியங்கிரியின் வேலை போனது.

சாப்பாட்டுக் கேரியரை எடுக்க வந்த வெள்ளியங்கிரி பிசிறுக் குவியலருகே நின்றார். "பூட்டச் சொன்னது மொதலாளின்னு உங்களுக்குத் தெரியுமுங்களே."

"தெரியுமுங்க. துணிய மூஞ்சில வீசுனது அவரில்லீங்களே."

அவள் நிமிரவில்லை. அவர் படியிறங்கும் சத்தம் முடியும்வரை கத்திரியை நிறுத்தி வைத்திருந்தாள், பிறகு வெட்டினாள்.

புது சூப்பர்வைசர் பழனிமுத்து அவள் கேட்காமலே மிஷினைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் அவள் முறை வந்தபோது அவர் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் இன்னும் யாருகிட்டயும் எதும் கத்துக்கலீங்க" என்றாள் மயிலாள். அவருக்கு மூச்சு வந்தது.