பூட்டிய கழிப்பறைக்கு வீட்டு வரி

வரி வசூலிப்பவன் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் டி.வி. அணையும், அடுத்து கதவு மூடும். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலையே ஆரம்பிக்கும்.

குற்றாலத்தைச் சுற்றியிருக்கும் பேரூராட்சிகளில் ஒன்றில் நான் பில் கலெக்டர். எதில் என்று கேட்காதீர்கள், சம்பளம் அங்கேதான் வாங்குகிறேன். வரியை ஏற்றுவது மேலே இருப்பவர்கள், திட்டு வாங்குவது நான். வரியைக் கட்டிவிட்டுத் தெருவிளக்கு எரியாத தெருவில் தடுமாறும் நீங்களும், அதை வாங்கிக்கொண்டு அதே தெருவில் தடுமாறும் நானும் ஒரே கட்சி என்பதால் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.

சொந்தக்காரர்கள்

சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊரில் மாடி உள்ள வீடெல்லாம் விடுதிதான். வீட்டுக்காரர்கள் ஒரே அறைக்குள் ஒடுங்கிக்கொண்டு, மற்ற அறைகளை அருவிக்கு வருகிறவர்களுக்கு விட்டுவிடுவார்கள். விடுதி என்று நான் எழுதினால் வரி கூடும். ஆகவே என் தலை தெரிந்ததும் தங்கியிருக்கிற அத்தனை பேரும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மாடிக் கம்பி முழுக்க ஈரத் துண்டுகள். "மேல யாரு அண்ணாச்சி?" என்றேன். "மச்சினன் குடும்பம்" என்றார். அந்த நேரம் பார்த்து உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒருவர் இறங்கி வந்து, "சேட்டா, பில் எத்ர ஆயி?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். மனிதர் அசரவில்லை.

"மச்சினன் புனலூர்ல பொண்ணு எடுத்தான் சார், அதோட பேச்சே மாறிட்டு. அது கெடக்கட்டும், ரோட்டுல கட்டிப் போட்டிருக்க கக்கூஸை எப்பத் தொறப்பீய? சொந்தக்காரங்க ரொம்பக் கேக்குதாவ."

கல்வெட்டு

அந்தக் கழிப்பறையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அருவிக்குப் போகும் சாலையில் எங்கள் பேரூராட்சி நிதியில், அதாவது உங்கள் வரியில், கட்டியது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், சுவரெல்லாம் டைல்ஸ், மேலே தண்ணீர்த் தொட்டி. மின்சாரம் வந்தது, தண்ணீர் வந்தது, திறப்பு விழாக் கல்வெட்டும் வந்தது. அதில் யார் பெயரை முதலில் வெட்டுவது என்ற முடிவுதான் வரவில்லை. மன்றக் கூட்டத்தில் குடிநீர், குப்பை, சாக்கடை எல்லாம் டீ வருவதற்குள் முடிந்துவிடும். கல்வெட்டு என்று எடுத்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும். ஒருவழியாகப் பெயர் முடிவானபோது, திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவருக்குத் தொண்டை சரியானபோது எங்கள் தலைவர் வீட்டில் கல்யாணம்.

இதற்கிடையில் குழாய்களை யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, தீர்மானம் போட்டு ஒரு காவலாளியை வைத்தார்கள். பூட்டிய கழிப்பறைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர், அவசரம் என்றால் எதிர்த் தோப்புக்குள் ஓடுவார். சாவி அலுவலகத்தில் செயல் அலுவலரின் மேஜைக்குள் இருந்தது. இந்த சீசனுக்காவது திறக்கக்கூடாதா என்று ஒரு பெண் உறுப்பினர் கேட்டார். தலைவர் சிரித்தபடி சொன்னார்.

"கக்கூஸ் எங்கம்மா ஓடிப்போவுது? அங்கனதான இருக்கும்."

தண்ணி பாட்டில்

அந்தக் கட்டடத்தின் வாசலில், சுவரில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, படியில் கூடைகளை வைத்து, ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்பவர் இசக்கியம்மாள். காலையில் வந்தால் சாயந்தரம்தான் வீடு. காவலாளியைப் போலத் தோப்புக்குள் ஓட அவரால் முடியுமா? சீசன் நேரத்தில் அங்கேயும் வேன் நிற்கும், ஆள் சமைத்துக்கொண்டிருக்கும். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தண்ணீரே குடிப்பதில்லை. மகள் காலையில் நிரப்பிக் கொடுத்துவிடும் பாட்டில் சாயந்தரம் மூடி திறக்காமல் வீடு திரும்பும்.

போன சீசனில் வலி தாங்காமல் தென்காசி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். சிறுநீரகத்தில் கல், தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகமே போய்விடும் என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். அப்படியும் இந்த வருஷம் அதே படியில், அதே மூடி திறக்காத பாட்டிலோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் இருப்பது கழிப்பறை, அதற்குப் பூட்டு, அதற்குக் காவல். "குடிங்கம்மா, உசிரு முக்கியம்லா" என்றேன். அவர் ஈரத் தலையோடு போகும் கூட்டத்தைக் காட்டினார்.

"ஊரே தண்ணி பாக்க இங்கன வருது அண்ணாச்சி. நான் ஒருத்திதான் தண்ணியைக் கண்டா பயப்படுதேன்."

புதிய விடுதி

வரி விடுபட்ட கட்டடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மன்றம் முடிவு செய்து, வெளியூர்க் குழு ஒன்றிடம் அளக்கும் வேலையைக் கொடுத்தது. டேப்லெட்டோடு வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டை அவர்கள் குடியிருப்பு என்றே எழுதியிருந்தார்கள். மச்சினன் குடும்பம் நன்றாக நடித்திருக்கிறது. ஆனால் வரிசையாகக் குளியலறைக் கதவுகள், டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, வாசலில் காவலாளி என்று சகல வசதியோடும் சாலையோரம் பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். வகை: விடுதி. அனுபவதாரர்: தார்ப்பாய் கட்டி, கூடை வைத்திருக்கும் இசக்கியம்மாள்.

அவர் பெயருக்கு வந்த வரி நோட்டீஸைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதை செயல் அலுவலரிடம் கொண்டுபோனேன். "சார், இது நம்ம கக்கூஸ். நம்ம கட்டடத்துக்கு நாமளே அந்தம்மா பேருல வரி போட்டிருக்கோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் தட்டிப் பார்த்தார்.

"சிஸ்டத்துல விடுதின்னா விடுதிதான். நீக்கணும்னா மேல எழுதி விளக்கம் சொல்லணும். பேசாம போய் வசூல் பண்ணுங்க."

சாவி

நோட்டீஸை நீட்டும்போது எனக்குக் கை கூசியது. கூடையைத் தூக்கி என் தலையில் கவிழ்ப்பார் என்றுதான் நினைத்தேன். இசக்கியம்மாள் நிதானமாகக் கேட்டார், "ரசீது எம் பேருலயா வரும்?" ஆமாம் என்றேன். எங்கள் பக்கம் வீட்டு வரி ரசீது என்றால் சாதாரணமில்லை. பத்திரம் இல்லாதவர்கள், பட்டா கிடைக்காதவர்கள் எல்லாம் அதைத்தான் பாலிதீன் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வைப்பார்கள். ரேஷன் கார்டோ, கரண்ட் கனெக்‌ஷனோ, பங்காளிச் சண்டையோ, எதற்கும் முதலில் நீட்டுவது அந்த ரசீதைத்தான். இசக்கியம்மாள் மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி வைத்தார். என் மெஷின் ரசீதைத் துப்பியது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் அலுவலகத்தில் இருக்கும்போது நேராக செயல் அலுவலர் மேஜைக்கு வந்து ரசீதை வைத்தார். "சாவியைக் குடுங்க சார்." எந்தச் சாவி என்றார் அவர். "எங்கட்ட வரி வாங்குனீயல்லா, அந்தக் கட்டடத்துச் சாவி." அதெல்லாம் பொதுக் கழிப்பறை, தனியாருக்குத் தரமுடியாது என்றார். "பொதுன்னா எங்கட்ட எதுக்கு வரி வாங்குனீய? எங்கட்ட வாங்குனது சரின்னா தொறக்க வேண்டியது நான்லா? ரெண்டுல ஒண்ணை எழுதிக் குடுங்க, பேப்பர்காரங்ககிட்ட காட்டுதேன்." செயல் அலுவலர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பணத்தைத் திருப்பினால் மேலே விளக்கம் எழுதவேண்டும். எழுதினால் கழிப்பறையை விடுதியாக்கிய கதை மாவட்டம் முழுக்கப் போகும். மேஜையைத் திறந்து சாவியை எடுத்தார், கோப்பில் 'சோதனை ஓட்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாரலில் நனைந்துகொண்டே இசக்கியம்மாள் பூட்டைத் திறந்தார். சிப்ஸ் கடைப் பெண்கள், பூ விற்பவர்கள், வேன்களில் வந்த அம்மாக்கள் என்று கொஞ்ச நேரத்தில் வாசலில் வரிசை. காவலாளி முதல் ஆளாக ஆண்கள் பக்கம் போனார். இசக்கியம்மாள் மட்டும் அவசரப்படவில்லை. படியில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகினார், அண்ணாந்து மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது தலைவரிடமிருந்து போன். விழா நடத்தாமல் எவன் திறந்தது, இதோ வருகிறேன் என்று கத்தினார். "தலைவர் வாராராம்" என்று பயந்துகொண்டே சொன்னேன். இசக்கியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வரட்டும் அண்ணாச்சி. வரிசையில நிக்கச் சொல்லுங்க."

இத்தனை வருஷம் நான் வசூலித்த வரிகளில், கட்டியவருக்கு மறுநாளே பலன் கொடுத்தது தப்பாகப் போட்ட அந்த ஒரு வரிதான்.