வீட்டுக்கொரு சிரட்டை

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்துக்கூடை சுமந்து வலிக்கும் தோள்களை எண்ணெய் போட்டு நீவிவிடுபவள் சுருளியம்மாள். மூடுபனி வாசல்வரை வந்து நிற்கும். அவள் விரல் பட்டதும் பெண்கள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார்கள். எல்லா வீட்டுக்கும் அவள் கொண்டுபோவது ஒரே எண்ணெய்க் கிண்ணம்.

எழுபத்து நாலாம் வருடத்து மழையில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் சொறி பரவியது. தண்ணீரைத் திட்டினார்கள், கம்பளியைத் திட்டினார்கள். ஒருநாள் அவளுடைய விரலிடுக்கும் அரித்தது. பனிக்குள் நடந்துகொண்டே, சொறி வந்த வீடுகளை வந்த வரிசையில் நினைத்துப் பார்த்தாள். அது அவளும் கிண்ணமும் நடந்த வழி.

கை ஆறிய பிறகுதான் மறுபடி வேலைக்கு வந்தாள். இப்போது வீட்டுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் தனி எண்ணெய். தொடுவதற்கு முன் முழங்கைவரை சோப்பும் வெந்நீரும்.

கடைசி வீட்டுப் பொன்னுத்தாயிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னையத் தொடுறதுக்குக் கை கழுவுறியே அக்கா, நான் என்ன தீட்டா?"

சுருளியம்மாள் நுரையை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"கூறுகெட்டவளே! உன்னையத் தொட்டுட்டுக் கழுவுனாத்தான் நீ தீட்டு. தொடுறதுக்கு முன்னாடில்ல கழுவுறேன். ஊத்துடி தண்ணிய."