காரமடைச் சாலை இலவ மரமும் என் காதும்

முதலில் அதை வெற்றிலைச் சாறு என்றுதான் நினைத்தேன். காரமடைச் சாலையில் ஒரு தோட்டத்து வேலியோரம் நிற்கும் இலவ மரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இருமினேன். கைக்குட்டை சிவந்தது. அன்று நான் வெற்றிலையே போடவில்லை என்பது சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது.

மாசி மாதம். மரத்தில் ஓர் இலை இல்லை. கிளையெல்லாம் சிவப்புப் பூ, பூவெல்லாம் மைனாக்களின் சண்டை. அதைப் பார்க்கத்தான் கவுண்டம்பாளையத்திலிருந்து பதினைந்து மைலுக்கு மேல் மிதித்து வந்திருந்தேன். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பூவைப் பார்த்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பஞ்சாலையில் ஆள் வருகை குறிக்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா நான். ஆறு நாளும் ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டவன்; ஞாயிறு மட்டும் என்னுடையது. பங்குனியில் புங்கந்தளிர் பார்க்க அன்னூர்ப் பக்கம் போவேன். சித்திரையில் கொன்றைக்காக மலையடிவாரம். ஐப்பசி மழை விட்டதும் பொள்ளாச்சிச் சாலையின் புளிய மரங்கள். “மத்தவங்க பொண்ணு பாக்கப் போவாங்க, எங்கூட்டுக்காரரு மரம் பாக்கப் போறாருங்க” என்று என் மனைவி மரகதம் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். மாதம் பார்க்க எனக்கு நாட்காட்டி வேண்டியிருந்ததில்லை.

எக்ஸ்ரேயில் இடது நுரையீரலில் ஒரு குழி தெரிந்தது. சளியில் கிருமி இருந்தது. க்ஷயம் (காசநோய்) என்றார்கள். பங்குனியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த வருடத் தளிரை நான் பார்க்கவில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) இடுப்பில் போட்டார்கள். முதல் நாளே டாக்டர் தெளிவாகச் சொன்னார்: “காதில் இரைச்சல், தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். ஊசியை நிறுத்த வேண்டியிருக்கும்.”

கடைசி வாக்கியம் மட்டும் என் மனத்தில் நின்றது. பக்கத்துக் கட்டிலில் பவானிக்காரர் ஒருவர், ஜமக்காளம் நெய்கிறவர். ஆடி மாதம் தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் சொன்னார். அவருக்கு ஊசி நின்றது, வேறு மருந்து வந்தது, வீட்டுக்குப் போகும் நாள் ஆறு மாதம் தள்ளிப்போனது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். எனக்கு மாசிக்குள் வெளியே போயாக வேண்டும். இலவம் பூப்பதற்குள் சைக்கிள் ஏற வேண்டும். அதற்காகவே ஊசியை எல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் எனக்கும் தொடங்கியது. காதுக்குள் தறி ஓடுவது போல் ஓர் இரைச்சல். இருட்டில் எழுந்தால் தரை வழுக்கியது. டாக்டர் தினமும் வந்தார். “எப்படி இருக்கிறது? தலைசுற்றல் உண்டா?”

“நல்லா இருக்கேனுங்க. ஒண்ணுமில்லீங்க.”

எங்கள் பக்கத்தில் உயிர் போகிறவனும் கேட்டவரிடம் அப்படித்தான் சொல்வான். விசாரித்தவர் மனம் நோகக் கூடாது. மாசிக்குள் போக வேண்டும் என்ற கள்ளத்தனத்துக்கு அந்த மரியாதை நல்ல போர்வையாக இருந்தது. டாக்டரும் பாதிப் பதிலிலேயே அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிடுவார்.

மரகதம் மட்டும் கண்டுபிடித்தாள். “ஏனுங்க, தூணைப் புடிச்சுட்டே நடக்கறீங்க? டாக்டருகிட்டச் சொன்னீங்களா?”

“நூறு பேரைப் பாக்கற மனுசன், அம்மணி. அவருகிட்டப் போயி இதையெல்லாமா சொல்றது? நீயும் சொல்லிப்போடாதே.”

அவள் சொல்லவில்லை. அந்தக் குற்றத்தில் அவளுக்கும் ஒரு பங்கு வைத்தது நான்தான்.

தை மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நுரையீரல் சுத்தம். மாசியின் முதல் ஞாயிறு சைக்கிளை வெளியே எடுத்தேன். “பஸ்ஸுல போலாமுங்க, நானும் வாரேன்” என்றாள் மரகதம். காதில் வாங்காமல் ஏறினேன். தெரு முனைக்குள் மூன்று தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை விழுந்தது சாக்கடையில். தெருவே பார்த்தது. எட்டு வயதில் கற்றது என் உடம்பில் இல்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்றேன், அவர் பிடிக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். உட்செவி (காதுக்குள்ளே உடம்பைச் சாயாமல் காக்கும் உறுப்பு) அந்த ஊசியால் கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்றார்.

“தினமும் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?”

“தப்புத்தானுங்க” என்றேன். அப்போதும் மரியாதை போகவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்போது ஊசி நடக்கிறது என்றால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். டாக்டரிடம் மரியாதை காட்டாதீர்கள். அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினால் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லுங்கள். பவானிக்காரர் இப்போது சைக்கிளில் சந்தைக்குப் போய்வருவதாகக் கடிதம் எழுதியிருந்தார். வயிறு எரிந்தது. இன்னும் பதில் போடவில்லை.

சைக்கிளை மைத்துனன் கொண்டுபோய்விட்டான். சுவரில் நாட்காட்டி மாட்டியிருக்கிறோம். தினம் கிழிப்பது மரகதம். அவள்தான் இந்த வருடம், மாசி பிறந்துவிட்டது என்று சொல்லி என்னைக் காரமடைப் பஸ்ஸில் ஏற்றினாள்.

இறங்கி அவள் தோளைப் பிடித்து நடந்தேன். என் உடம்பில் எது போயிற்று என்று அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. ஓர் அடி வைத்தால் மரம் எழும்பிக் குதித்தது. இன்னோர் அடி, இன்னொரு குதி. பூ எது, மைனா எது என்று தெரியவில்லை. சிவப்பாக ஏதோ உதறிக்கொண்டிருந்தது. மரம் நிற்க வேண்டுமானால் நான் நிற்க வேண்டும். மரம் வரைக்குமான நூறடியை நின்று நின்று கடப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

தோட்டக்காரர் வேலிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். வருடா வருடம் என்னைப் பார்ப்பவர், பெயர் கேட்டுக்கொண்டதில்லை.

“ஏனுங்க, சைக்கிளைக் காணோம்? போன மாசியிலயும் வரலீங்களே. சௌக்கியமுங்களா?”

“நல்லா இருக்கேனுங்க.” நான் நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

“இல்லீங்க” என்றாள் மரகதம். என் கையை அவள் விடவில்லை. “அவருக்கு நல்லா இல்லீங்க.”

தோட்டக்காரர் முகம் வாடியது. தண்ணீர் கொண்டுவரப் போனார். அவ்வளவுதான். இந்த ஒரு வாட்டத்தை இன்னொருவர் முகத்தில் பார்க்கக் கூடாது என்றா நான் என் சைக்கிளையும் சாலையையும் கொடுத்தேன்?